1872-இல் நுங்கம்பாக்கத்திலிருந்து போக்சன் பார்த்த வால்நட்சத்திரம் எது?

மழைமேகம்:
எல்லாருக்கும் வணக்கம். சென்னை வானாய்வகத்தின் பழைய கதைகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. 1872 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் கோட்டிங்கன் வானாய்வகத்திலிருந்து கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர் சென்னைக்கு ஒரு தந்தி அடிக்கிறார். "பீலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா செண்டாரி அருகே தேடவும்" என்பது சேதி. (பீலா என்பது அப்போது காணாமல்போயிருந்த ஒரு வால்நட்சத்திரம், தீட்டா செண்டாரி ஒரு நட்சத்திரம்.) இங்கே வானாய்வகத்தை நடத்திவந்த நார்மன் போக்சன் தேடினார், அந்தப் பக்கத்தில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தும் விட்டார். ஆனால் அது பீலா இல்லை என்றுதான் இன்று எல்லாரும் எழுதுகிறார்கள்.

எனக்கு மண்டை குழம்புகிறது. ஒரு வால்நட்சத்திரம் பூமியைத் தொட்டுவிட்டு, ஊர் உலகமெல்லாம் சௌக்கியமாக இருக்க முடியுமா? பீலா இல்லையென்றால் போக்சன் பார்த்தது என்ன? சொன்ன இடத்தில் தேடப்போய் சம்பந்தமே இல்லாத இன்னொன்று அகப்படுமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நுங்கம்பாக்கம்_பழசு:
நல்ல இழை, மழைமேகம். முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நுங்கம்பாக்கத்தில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, புயல் வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாம் மைக்கோடு நிற்பார்களே, அந்த வளாகம்தான். 1792-இல் கட்டி முடித்த வானாய்வகம். கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது; அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

போக்சன் சாதாரண ஆள் இல்லை. நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகமே பயன்படுத்தும் 2.512 என்ற விகிதம் அவர் 1856-இல் சொன்னது. 1861-இல் சென்னைக்கு வந்தார். 1891-இல் இங்கேயே காலமானார். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றிப் பல இந்திய மொழிகளில் எழுதிப் பரப்பிய மனிதர். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம், இப்போது வேண்டாம்.

தந்தி வந்த சமயத்தைப் பாருங்கள். டிசம்பர் முதல் வாரம், சென்னை. வடகிழக்குப் பருவமழை. தீட்டா செண்டாரி தெற்கு வானத்து நட்சத்திரம். அந்த நாட்களில் விடிகாலை நாலு மணி சுமாருக்குத்தான் உதிக்கும். ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஆக, நடுவில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டு விடியலும் மேகமும் மழையுமாகப் போய்விட்டன. மூன்றாவது விடியலில், ஐந்தேகால் மணி வாக்கில், மேகத்துக்கு நடுவே சின்னதாக ஒரு திறப்பு. அந்த இடைவெளியில் தொலைநோக்கியைத் திருப்பினால் வட்டமான ஒரு ஒளி. அடுத்த விடியலிலும் பார்த்துவிட்டார். இந்தத் தடவை நடுவில் தெளிவான கருவோடு, எட்டுக் கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அளவுக்கு மெல்லிய வாலும் தெரிந்தது. அதற்கப்புறம் மறுபடியும் மழை. அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பொருளை யாருமே பார்க்கவில்லை.

பீலாவைக் கண்டுவிட்டேன் என்றே போக்சன் எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கொல்லிமலை_வானம்:
பழசு சார் சென்னைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பீலாவின் ஜாதகத்தைச் சொல்கிறேன், அது இல்லாமல் மீதி புரியாது.

இதை 1772-இலும் 1805-இலும் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று அப்போது தெரியாது. 1826-இல் வில்ஹெல்ம் ஃபொன் பீலா என்ற ஆஸ்திரியப் படை அதிகாரி பார்த்துக் கணக்குப் போட்டபோதுதான், ஏறக்குறைய ஆறே முக்கால் வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரே வால்நட்சத்திரம் என்று உறுதியானது. ஹாலி, என்கே (Encke) ஆகிய வால்நட்சத்திரங்களுக்கு அடுத்தபடி, திரும்பி வரும் என்று நிரூபணமான மூன்றாவது வால்நட்சத்திரம் இது.

அடுத்த வருகை 1832. அக்டோபர் 29 அன்று பீலாவின் தலைப்பகுதி பூமியின் பாதையை உரசிக்கொண்டு போகும் என்று ஓல்பர்ஸ் என்ற ஜெர்மன் வானியலாளர் கணக்கிட்டிருந்தார். ஐரோப்பாவில், முக்கியமாகப் பாரிஸில், பெரிய கிலி. ஜனங்கள் கவனிக்காமல் விட்டது ஒரு சின்ன விஷயம்: உரசப்போவது பூமியின் பாதையை, பூமியை இல்லை. அந்த இடத்துக்கு பூமி வந்துசேர இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிரெஞ்சு வானியலாளர் அரகோ உட்கார்ந்து பொதுமக்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கி எழுத வேண்டியதாயிற்று.

1845 கடைசியில் திரும்பி வந்தபோதுதான் வேடிக்கை. 1846 ஜனவரியில் பார்த்தால் இரண்டு பீலா! இரண்டுக்கும் தனித்தனி வால். ஒரு நாள் இது பிரகாசம், இன்னொரு நாள் அது பிரகாசம். 1852-இலும் ஜோடியாக வந்தன, நடுவே இருபது லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. அந்தச் செப்டம்பரோடு சரி. 1859-இல் சூரியனுக்கு அருகே சிக்கிக்கொண்டதால் பார்க்க வசதியில்லை, அதை விட்டுவிடலாம். 1865–66-இல் நல்ல வாய்ப்பு இருந்தது, துல்லியமான கணக்கும் கையில் இருந்தது. வானமெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார்கள். காணோம்.

1872 நவம்பர் 27 இரவு, பூமி பீலாவின் பாதையைக் கடக்கும்போது, ஐரோப்பா முழுக்க எரிகல் மழை. மணிக்கு ஆயிரக்கணக்கில்.

சந்தேகப்பிராணி:
எரிகல் விழுந்ததற்கும் பீலா "தொட்டது" என்பதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊரில்கூட ராத்திரி மொட்டைமாடியில் படுத்தால் நாலு எரிகல் விழும். எல்லாம் பீலாவா?

கொல்லிமலை_வானம்:
இல்லை சந்தேகம், மொட்டைமாடியில் நீங்கள் பார்ப்பதில் பாதி உதிரி. மழையாகப் பெய்வது வேறு. வால்நட்சத்திரம் ஒவ்வொரு முறை சூரியனை நெருங்கும்போதும் தூசியும் பொடிக்கல்லும் கழன்றுகொண்டே இருக்கும். மணல் லாரி போன வழியெல்லாம் மணல் சிந்திக் கிடக்கிறதே, அதுபோல அந்தப் பாதை நெடுகப் பொடி பரவிக் கிடக்கும். பூமி வருஷா வருஷம் அதே தேதியில் அந்தப் பாதையை வெட்டிக்கொண்டு போகும்போது பொடி காற்றில் உரசி எரிகிறது. ஆகஸ்டில் வரும் பெர்சியஸ் எரிகல் மழைக்கு 1862-இல் வந்த ஸ்விஃப்ட்–டட்டில் வால்நட்சத்திரம்தான் காரணம் என்று 1866-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி காட்டினார். அதற்கடுத்த வருஷமே, ஆண்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வரும் எரிகற்களின் தாய் பீலாதான் என்று இன்னும் சிலர் சொல்லிவிட்டார்கள். அதனால் நவம்பர் 27 மழையைப் பார்த்ததும் கிளிங்கர்ஃப்யூஸுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

அவர் போட்ட கணக்கு அழகு. எரிகற்கள் எல்லாம் ஆண்ட்ரோமெடாவில் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு வருவதாகத் தெரிந்தன. அந்தத் திசையிலிருந்து வந்த கூட்டம் பூமியைத் தாண்டிப் போனால் எங்கே போகும்? நேர் எதிர்த் திசைக்குத்தானே? ஆண்ட்ரோமெடாவின் அந்தப் புள்ளிக்கு நேர் எதிரே வானத்தில் இருப்பது தீட்டா செண்டாரியின் சுற்றுவட்டாரம். ஜெர்மனியிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்குக் கீழே. தெற்கே தந்தி எட்டுகிற நல்ல வானாய்வகம் வேண்டும். சென்னை.

சந்தேகப்பிராணி:
அப்படியானால் போக்சன் பார்த்தது பீலாதான்! திசை சரி, நாள் சரி, வாலும் இருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வெள்ளைக்காரன் சொன்னதையே நம்பமாட்டேன் என்கிறீர்களே.

கொல்லிமலை_வானம்:
சொன்னவர், மறுத்தவர், கேட்டவர் மூன்று பேருமே வெள்ளைக்காரர்கள்தான் சாமி.

சிக்கல் இங்கே. பீலா எந்த நாளில் எங்கே இருக்கவேண்டும் என்பது முந்தைய வருகைகளிலிருந்து நன்றாகவே தெரியும். அந்தக் கணக்குப்படி நவம்பர் 27-க்குப் பல வாரங்கள் முன்பே பீலா அந்த இடத்தைக் கடந்து போயிருக்க வேண்டும். வால்நட்சத்திரம் ஒரு நொடிக்கு நாற்பது கிலோமீட்டர் சுமாருக்குப் போகும். பல வாரம் என்றால் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நவம்பர் 27 அன்று பூமி தொட்டது பின்னால் வந்த பொடியைத்தான், பீலாவை இல்லை. மழைமேகத்தின் முதல் கேள்விக்கும் இதுவே பதில்: பெரும்பாலும் மணல் பருக்கை அளவு. மேலே நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துபோகும்.

இன்னொரு தலைவலி. ஒரு பொருளின் சுற்றுப்பாதையைக் கணக்கிட ஆறு எண்கள் வேண்டும். ஒரு நாள் பார்த்தால் வானத்தில் அதன் இடம் கிடைக்கும், அது இரண்டு எண். குறைந்தது மூன்று நாள் பார்த்தாக வேண்டும். போக்சனிடம் இருந்தது இரண்டு விடியல், நாலு எண். அதை வைத்துக்கொண்டு அது பீலா என்றும் நிரூபிக்க முடியாது, வேறு எதுவாகவும் காட்ட முடியாது.

நுங்கம்பாக்கம்_பழசு:
அந்த இரண்டுக்கும் அடுத்த விடியலில் மழை பெய்யாமல் இருந்திருந்தால்! டிசம்பரில் இந்த ஊரில் யார் என்ன செய்ய முடியும்.

வன்னிமைந்தன்:
பழசு ஐயாவுக்கும் கொல்லிமலை அண்ணாவுக்கும் நன்றி, நல்லாய் விளங்கப்படுத்துறீங்கள். எங்கட பக்கம் வால்வெள்ளி என்றுதான் சொல்லுவம். எனக்குக் கணக்கைவிட ஆட்கள் பயந்த கதையில்தான் ஆசை.

அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் ஒரேமாதிரி நினைக்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் கேதுக்களை, அதாவது வால்வெள்ளிகளைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். அதில் பழைய முனிவர்களின் கருத்துகளை வரிசையாக வைக்கிறார். பராசரர் 101 கேது என்கிறார், வேறு சிலர் ஆயிரம் என்கிறார்கள், நாரதர் மட்டும் கேது ஒன்றுதான், அதுவே பல வடிவில் வந்துபோகிறது என்கிறார். யோசித்துப் பாருங்கள், 1705-இல் ஹாலி என்ன சொன்னார்? 1531, 1607, 1682-இல் வந்தது மூன்று இல்லை, ஒன்றேதான் என்றார். நாரதர் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, அது வேறு விசயம். கேதுவின் உதயத்தையும் மறைவையும் கணிதத்தால் அறிய முடியாது என்று வராகமிகிரரே சொல்லிவிடுகிறார். அப்படிக் கணிக்க முடியாததால்தான் அதைச் சகுனமாக எடுத்தார்கள் என்பது என் எண்ணம். கிரகணத்தைக் கணிக்கத் தெரிந்திருந்தும் அதற்குப் பயந்தார்கள்தானே என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள்.

புறநானூற்றில் கபிலர் பாடினதும் (117) இந்தச் சகுனப் பட்டியல்தான். சனி புகைந்தாலும், தூமம் (வால்வெள்ளி) தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்காது என்கிறார். சகுனத்தை அவர் மறுக்கவில்லை. அரசன் ஒழுங்கானவன் என்றால் அது பலிக்காது என்கிறார்.

சந்தேகப்பிராணி:
கிரேக்கர்களும் இப்படித்தானா, இல்லை அவர்கள் விஞ்ஞானிகளா?

வன்னிமைந்தன்:
அரிஸ்டாட்டில் வால்வெள்ளி வானத்துப் பொருளே இல்லை என்றார். பூமியிலிருந்து எழும்பும் வறண்ட ஆவி மேல் காற்றில் பற்றி எரிகிறதாம், சந்திரனுக்குக் கீழேயே. ரோமில் செனெகா அதை மறுத்து, இவையும் கோள்களைப்போலத் தமக்கென்று பாதை உள்ளவை, ஒருநாள் யாராவது அதைக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதினார். கேட்க ஆள் இல்லை. 1577-இல் பெரிய வால்வெள்ளி வந்தபோது டைக்கோ பிராஹே தன் அளவுகளையும் வேறு ஊரில் எடுத்த அளவுகளையும் ஒப்பிட்டார். சந்திரன் அவ்வளவு கிட்ட இருப்பதால் இரண்டு ஊரிலிருந்து பார்த்தால் நட்சத்திரங்களுக்கிடையே கொஞ்சம் இடம்மாறித் தெரியும். வால்வெள்ளி அப்படி மாறவில்லை. ஆகவே சந்திரனைவிட வெகு தொலைவில் இருக்கவேண்டும். அதோடு அரிஸ்டாட்டிலின் ஆவிக் கதை முடிந்தது.

ஆனால் சீனர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர்களும் சகுனத்துக்குத்தான் பார்த்தார்கள், அரசனுக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். அதனாலேயே நாள் தவறாமல் எழுதி வைத்தார்கள். ஹாலி வால்வெள்ளியின் வருகைகள் கி.மு. 240 முதல் நமக்குத் தெரிவது அவர்களின் குறிப்பால். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீளும் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஐரோப்பாவில் அதைச் சொல்ல 1531 ஆயிற்று.

மழைமேகம்:
அருமை வன்னிமைந்தன். 1910 ஹாலியைப் பற்றியும் சொல்லுங்களேன். எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டி பார்த்ததாகச் சொல்வார்கள். பகலிலேயே தெரிந்ததாம்.

நுங்கம்பாக்கம்_பழசு:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். பகலில் தெரிந்தது என்றால் அது ஹாலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. 1910 ஜனவரியில் யாரும் எதிர்பார்க்காமல் இன்னொரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. பட்டப்பகலில் சூரியனுக்குப் பக்கத்தில் தெரிந்தது. ஹாலி ஏப்ரல், மே மாதங்களில். இரண்டையும் பார்த்தவர்கள் பிற்காலத்தில் ஒன்றாக்கிச் சொல்வது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. உங்கள் கொள்ளுப்பாட்டி இரண்டில் பெரியதைப் பார்த்திருக்கிறார், கொடுத்துவைத்தவர்.

அந்த ஹாலிக்கு வந்த பயம் பழைய சகுனப் பயம் இல்லை. புதுசு, விஞ்ஞானம் தந்தது. நிறமாலையில் சயனோஜென் என்ற நச்சு வாயு தெரிந்தது. மே 19 வாக்கில் பூமி அதன் வாலுக்குள் நுழைந்து போகப்போகிறது என்பதும் தெரிந்தது. இரண்டையும் கூட்டிப் பத்திரிகைகள் எழுதின. மேல்நாட்டில் வால்நட்சத்திர மாத்திரை என்று ஒன்று விற்றார்கள், வாங்கியும் சாப்பிட்டார்கள். உண்மையில் வால் என்பது நம் ஆய்வகங்களில் உண்டாக்கும் வெற்றிடத்தைவிட வெறுமையான இடம். பூமி நுழைந்தது, வெளியே வந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதி "சாதாரண வருஷத்துத் தூமகேது" என்று பாட்டே எழுதினார். எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது, வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது, பூமியைத் தீண்டினாலும் ஏழைகளுக்குத் தீங்கு செய்யாமல் போய்விடும் என்று சொல்கிறார்களே என்றெல்லாம் செய்தி அத்தனையும் அதில் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய ஆதங்கம்: நம் நூல்களை நாமே மறந்து, உன் இயல்பை அன்னியர் சொல்லித்தானே தெரிந்துகொள்கிறோம் என்று வால்நட்சத்திரத்திடமே புலம்புகிறார்.

சந்தேகப்பிராணி:
பாரதி புலம்பியது சரி. வாட்ஸ்அப்பில் இப்போது வருவதற்கு யார் புலம்புவது? 2025-இல் ஒன்று வந்ததே, வேற்றுக்கிரகவாசி கப்பல் என்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாமா ஓயவே இல்லை.

கொல்லிமலை_வானம்:
3ஐ/அட்லஸ். ஜூலை 1-இல் கண்டுபிடித்தார்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த மூன்றாவது பொருள். வால்நட்சத்திரம் செய்யும் எல்லாவற்றையும் அது செய்தது: வாயு விட்டது, தூசி விட்டது, வால் வளர்த்தது. பூமிக்கு மிக அருகே வந்தபோதும் 27 கோடி கிலோமீட்டர் தள்ளி. மாமாவிடம் சூரியனே 15 கோடி கிலோமீட்டர்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

மழைமேகம்:
மறுபடியும் பீலாவுக்கு வருகிறேன். அது ஏன் இரண்டாக உடைந்தது? எதிலாவது மோதியதா?

வேதியியல்_டீச்சர்:
மோதத் தேவையில்லைமா. வால்நட்சத்திரம் எவ்வளவு பொலபொலப்பு என்று தெரிந்தால் உடையாமல் இருப்பதுதான் ஆச்சரியமாக இருக்கும்.

வகுப்பில் வருஷா வருஷம் ஒன்று செய்து காட்டுவேன். ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாங்கி, துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி, தண்ணீர், செம்மண், கொஞ்சம் கரித்தூள், சில சொட்டு அம்மோனியா சேர்த்து, கெட்டிக் கையுறை போட்டு அமுக்கிப் பிடித்தால் கருப்பாக ஒரு உருண்டை வரும். (வெறுங்கையால் தொடக்கூடாது, ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும்.) மேசையில் வைத்து விளக்கொளியைக் காட்டினால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் புஸ்ஸென்று புகை பீய்ச்சும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பள்ளமாகும், விரிசல் விடும். பல சமயம் பிள்ளைகள் கண்ணெதிரேயே ஒரு துண்டு கழன்று விழும். உடனே ஒரு கூச்சல்!

பனியும் தூசியும் கலந்த கட்டி என்ற இந்த மாதிரியை 1950-இல் ஃப்ரெட் விப்பிள் சொன்னார். 1986-இல் ஜியோட்டோ விண்கலம் ஹாலியின் கருவை 600 கிலோமீட்டர் தூரம் வரை நெருங்கிப் போய்ப் படம் பிடித்தபோது அது நிரூபணமாயிற்று. கரு 15 கிலோமீட்டர் நீளம், உருளைக்கிழங்கு வடிவம். மேல்புறம் விழும் வெளிச்சத்தில் நாலு சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, அதாவது நிலக்கரியைவிடக் கருப்பு. வானத்திலேயே பளிச்சென்று தெரியும் பொருளின் உள்ளே இருப்பது இவ்வளவு இருட்டு.

2014-இல் ரோசெட்டா விண்கலம் 67பி என்ற வால்நட்சத்திரத்தைச் சுற்ற ஆரம்பித்தது, இரண்டு வருஷம் கூடவே போனது. அதன் அடர்த்தி தண்ணீரில் பாதிதான். உள்ளே எழுபது சதவீதத்துக்கும் மேல் வெறும் இடம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். இரண்டு தனிக் கட்டிகள் மெதுவாக வந்து ஒட்டிக்கொண்ட உருவம் அது, நடுவே கழுத்து. அப்படி ஒட்டியது சூரிய வெப்பத்தாலோ, வாயு பீய்ச்சுவதில் சுழற்சி வேகம் ஏறியோ பிய்த்துக்கொள்ளலாம். பெரிய கோளுக்கு அருகே போனாலும் பிய்ந்துபோகும்: ஷூமேக்கர்–லெவி 9-ஐ வியாழன் இருபதுக்கும் மேற்பட்ட துண்டாக்கி, 1994 ஜூலையில் வரிசையாக விழுங்கியது நினைவிருக்கும்.

சந்தேகப்பிராணி:
டீச்சர், நம் கடல் தண்ணீரெல்லாம் வால்நட்சத்திரம் கொண்டுவந்தது என்று படித்தேனே. உண்மையா?

வேதியியல்_டீச்சர்:
அப்படி நம்பிய காலம் உண்டு. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனோடு கொஞ்சம் டியூட்டிரியம் என்ற கனமான ஹைட்ரஜனும் இருக்கும். இரண்டின் விகிதம் அந்தத் தண்ணீர் எங்கே உருவானது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்ட்லி 2 வால்நட்சத்திரத்தில் 2011-இல் அளந்தபோது நம் கடலோடு ஏறக்குறைய ஒத்துப்போனது, எல்லாருக்கும் சந்தோஷம். 67பி-யில் ரோசெட்டா அளந்தால் நம் கடலைப்போல மூன்று மடங்கு! ஆக எல்லா வால்நட்சத்திரமும் ஒரே சரக்கு இல்லை. பூமியின் தண்ணீரில் பெரும்பங்கு சிறுகோள்கள் வழியாக வந்தது என்பவர்கள் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் 67பி-யில் கிளைசின் என்ற அமினோ அமிலம் கிடைத்தது. தண்ணீர் கொண்டுவராவிட்டாலும் வேறு ஏதாவது கொண்டுவந்திருக்கலாம்.

எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 460 கோடி வருஷத்துக்கு முன் சூரியக் குடும்பம் உருவானபோது, வெளிப்பக்கக் குளிரில் திரண்டு, கோளாகச் சேராமல் மிஞ்சிப்போன கட்டிகள் இவை. நெப்டியூனுக்கு அப்பால் ஒரு தட்டைப் பட்டையில் நிறைய இருக்கின்றன. பீலா மாதிரி சில வருஷத்துக்கு ஒருமுறை வருபவை அந்தப் பக்கத்திலிருந்து நழுவி, வியாழனிடம் மாட்டிக்கொண்டவை. ஆயிரம், லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை எந்தத் திசையிலிருந்தும் வருபவை வேறு. பெரிய கோள்கள் ஆதியில் தூக்கி எறிந்த கட்டிகள் சூரியனைச் சுற்றி எல்லாப் பக்கமும், பூமி–சூரியன் தூரத்தைப்போல ஐம்பதாயிரம் மடங்குக்கும் அப்பால் வரை பரவிக் கிடக்கின்றன என்று 1950-இல் யான் ஊர்ட் சொன்னார். அந்த ஊர்ட் மேகத்தை இன்றுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. வந்து சேர்பவற்றின் பாதைகளைப் பின்னோக்கி ஓட்டித்தான் சொல்கிறோம்.

குளிரில் உருவானவை என்றேனே, அதிலும் ஒரு முரண். ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 வால்நட்சத்திரத்தின் தூசியை 2006-இல் பூமிக்குக் கொண்டுவந்தது. உள்ளே கடும் வெப்பத்தில் மட்டுமே உருவாகும் கனிமங்கள்! சூரியனுக்கு அருகே வெந்த சரக்கு எப்படியோ அந்தக் குளிர் மூலைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

மழைமேகம்:
டீச்சர், மிக்க நன்றி. அப்படியென்றால் பீலா உடைந்து உடைந்து பொடியாகிவிட்டது. போக்சன் பார்த்தது அதன் துண்டாக இருக்கலாமே? 1846-இல் இரண்டானது அப்புறம் நாலானதாக, பத்தானதாக இருக்கலாம். ஒன்று வழியில் பின்தங்கி, பொடியோடு சேர்ந்து நவம்பர் 27-இல் வந்திருக்கலாம்.

கொல்லிமலை_வானம்:
நல்ல கேள்வி. ஒரு சின்னக் கணக்கு. அந்த எரிகற்கள் பூமியைக் கடந்த வேகம் நொடிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். ஐந்தாறு நாளில் 90 லட்சம் கிலோமீட்டர் போயிருக்கும். போக்சன் பார்த்தது அந்தக் கூட்டத்தோடு போன துண்டு என்றால், நவம்பர் 27 அன்று அது பூமிக்கு மிகமிக அருகே கடந்திருக்க வேண்டும். வாலும் கருவும் உள்ள ஒரு வால்நட்சத்திரம் அவ்வளவு கிட்ட வந்திருந்தால், முந்தைய வாரங்களில் அது ஆண்ட்ரோமெடா பக்கம், அதாவது ஐரோப்பாவுக்கு உச்சி வானத்தில், வளர்ந்துகொண்டே வந்திருக்கும். அங்கே எத்தனை தொலைநோக்கிகள்! ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதனால் துண்டு என்பதற்கும் நான் வரமாட்டேன். சம்பந்தமில்லாத வேறொரு வால்நட்சத்திரம் தற்செயலாக அங்கே இருந்தது என்பதே என் கட்சி.

நுங்கம்பாக்கம்_பழசு:
தற்செயல் என்றால் அது சின்னத் தற்செயலா தம்பி? வானம் எவ்வளவு பெரிது, ஒரு தந்தி சொன்ன மூலையில் போய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

கொல்லிமலை_வானம்:
பெரிய தற்செயல்தான் சார், மறுக்கவில்லை. ஆனால் விடியற்கால வானத்தில் சூரியனுக்கு அருகே அந்தக் காலத்தில் யாரும் ஒழுங்காகத் தேடியதில்லை. தேடாத இடத்தில் தேடினால் தேடாதது கிடைக்கும். சோஹோ செயற்கைக்கோள் சூரியனை மட்டும் பார்க்கத்தான் போனது. இன்றுவரை ஐயாயிரத்துக்கும் மேல் வால்நட்சத்திரம் அதன் படங்களில் அகப்பட்டிருக்கிறது, பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து பார்த்த ஆர்வலர்கள்.

அதிகாரப்பூர்வமாக அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முன்னால் உள்ள எக்ஸ், பாதை கணக்கிட முடியாதவற்றுக்குப் போடும் எழுத்து. பீலாவுக்கு 3டி. அந்த டி, அழிந்துபோனவை அல்லது தொலைந்தவற்றுக்கு.

சந்தேகப்பிராணி:
பீலாவின் பொடியாவது மிச்சம் இருக்கிறதா? இல்லை அதுவும் தீர்ந்ததா?

கொல்லிமலை_வானம்:
1885 நவம்பர் 27-இல் இன்னொரு பிரமாண்ட மழை பெய்தது. எரிகல் ஒன்றை முதன்முதலில் புகைப்படம் எடுத்தது அன்றைக்குத்தான், பிராக் நகரில். அப்புறம் வியாழனின் இழுப்பில் பொடிப்பாதை விலகிப்போய், இருபதாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2011 டிசம்பரில் கனடாவில் ஒரு ரேடார் திடீரென்று அதிக அளவில் பிடித்தது. 2021 நவம்பர் 28-இலும் தலைகாட்டியது. பார்க்க விரும்பினால் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, இருட்டியதும் வடக்கே உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவே பாருங்கள். மற்ற மழைகளைவிட மெதுவாக, சோம்பேறித்தனமாக விழும், அதுதான் அடையாளம். மணிக்கு ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

நுங்கம்பாக்கம்_பழசு:
அந்த வாரத்தில் சென்னைக்காரர்கள் முயற்சியே செய்யவேண்டாம். தேனி, கம்பம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் முதலில் அங்கே வானம் எப்படி என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.